வாங்கிய விதைக்கு வட்டி விதைதான்!

(நெல் ஜெயராமன் நினைவுக் கூட்டத்துக்காக சென்னை ஆழ்வார்பேட்டையில் கூடியபோது நம் சங்கத்தின் சார்பில் பேசிய பேச்சு. கூட்டத்துக்கு வர முடியாத கிராமத்து உறவுகளுக்காக அச்சிடப்படுகிறது.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! இந்த ஊரில் அரிசி வாங்கிச் சாப்பிடும் சென்னைப் பெருமக்களே!

ராத்திரி பஸ் ஏறி, விடிய விடிய உட்கார்ந்தே வந்திருக்கிறோம். ஆழ்வார்பேட்டையில் நெல்லுக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. இதோ பக்கத்தில் இருக்கிற தேனாம்பேட்டையில்தான் 2018 டிசம்பர் 6-ஆம் தேதி நம் ஜெயராமன் உடலை அஞ்சலிக்கு வைத்திருந்தார்கள். அங்கிருந்துதான் அவர் கடைசியாக ஊருக்குக் கிளம்பினார், திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கட்டிமேட்டுக்கு. வயசு 50. புற்றுநோய் கொண்டுபோய்விட்டது.

அப்போது ஊர் எப்படிக் கிடந்தது? அதே வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. கரண்டு இல்லை, கூரை இல்லை. தன் வீட்டைத் தூக்கி நிறுத்துவதா, அந்த மனுஷனுக்கு அழுவதா என்று தெரியாமல் நின்ற சனம் நாம்.

அவர் பெரிய மிராசுதார் இல்லை. பட்டம் வாங்கிய விஞ்ஞானியும் இல்லை. நுகர்வோர் உரிமைக்காக மனு எழுதிக்கொண்டு திரிந்த ஆள். நம்மாழ்வார் ஐயா பின்னால் நடைபயணம் போனார். போகிற வழியில் விவசாயிகள் கையில் பழைய நெல் கொஞ்சம் கொஞ்சமாக இருந்ததைப் பார்த்தார். அதோடு மனுஷன் மாறிவிட்டார். அது முதல் ஊர் ஊராகப் போய், யார் வீட்டுக் குதிரில் என்ன விதை கிடக்கிறது என்று கேட்பதே வேலை. அப்படிச் சேர்த்து மீட்ட ரகங்கள் 174!

1966-இல் ஐ.ஆர். 8 வந்தது. மூட்டை கூடியது, இல்லை என்று சொல்லவில்லை. பஞ்ச காலத்தில் வயிறு நிறைந்தது. ஆனால் கூடவே உரக்கடைக் கடனும் மருந்துக்கடைக் கடனும் வந்தது. நம் பாட்டன் வைத்திருந்த விதை நம் கையை விட்டுப் போயிற்று. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, தண்ணீர் நின்றாலும் தலை நீட்டி நிற்கும் காட்டுயானம் போனது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஆக்கிப் போடுகிற பூங்கார் போனது. வைத்தியருக்கு வேண்டிய கருங்குறுவை, உப்பு மண்ணிலும் தாக்குப் பிடிக்கிற குழியடிச்சான், மாப்பிள்ளைச் சம்பா, எல்லாம் பேர் மட்டும் மிஞ்சியது. பேர் மட்டும் இருந்தால் நாற்று விட முடியுமா?

ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா ஆரம்பித்தார். அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான். இந்தா ரெண்டு கிலோ விதை. காசு வேணாம். அடுத்த வருஷம் வரும்போது நாலு கிலோவாக் கொண்டா. அவ்வளவுதான்! பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. இன்றைக்கு எந்தக் கூட்டுறவுச் சங்கத்திலாவது வெறும் வாய்வார்த்தையை நம்பி நமக்குக் கடன் கொடுப்பார்களா?

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. வெளியாரைத் திட்டுவது சுலபம், நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். ரெண்டு கிலோ வாங்கிப் போன நம்மில் எத்தனை பேர் நாலு கிலோ திருப்பிக் கொடுத்தோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். வெள்ளம் வந்துடுச்சு, எலி தின்னுடுச்சு என்று சாக்குச் சொன்னவர்களும் நாம்தான். விதையையே அரிசியாக்கித் தின்றவர்களும் நம்மில் உண்டு. அந்தக் கடன் இன்னும் நம் தலையில் நிற்கிறது.

இன்னொரு கடனும் இருக்கிறது. அவருக்கும் மனைவி இருந்தார், சின்னப் பையன் இருந்தான். ஊர் வேலை பார்க்கிறவன் வீட்டு அடுப்பைப் பற்றி நாம் யோசிக்கிறோமா? கூட்டத்துக்குக் கூப்பிடுகிறோம், வந்தால் துண்டு போடுகிறோம், கை தட்டுகிறோம். சாப்பிட்டியாப்பா, உடம்புக்கு என்ன, இளைச்சுப் போயிட்டியே என்று கேட்கிறோமா? ஊருக்கு உழைக்கிறவனை வீடு விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. அந்த வீட்டுப் பெண் தாங்கிய பாரத்துக்கு எந்த மேடையிலும் மாலை போடுவதில்லை. நடிகர் சிவகார்த்திகேயன் வைத்தியச் செலவுக்குக் கை கொடுத்தார், அதை நன்றியோடு சொல்கிறோம். ஆனால் நம் சங்கம் முதலில் ஓடியிருக்க வேண்டாமா?

சரி, அரசாங்கம் என்ன செய்தது? 12-ஆம் வகுப்புத் தாவரவியல் புத்தகத்தில் அவரைப் பற்றிச் சேர்த்தார்கள். 2021-இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் அவர் பெயரிலேயே மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் அறிவித்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் விளைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே ரெண்டே வகைதான். 2025-26 பருவத்துக்குத் தமிழ்நாட்டு அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். காட்டுயானம் ஏறக்குறைய ஆறு மாசம் வயலில் நிற்கிறது, மூட்டையும் குறைவு. அதற்கென்று தனி விலை எங்கே? விதைக்கு மானியம் கொடுத்துவிட்டு, விளைச்சலுக்கு வழி காட்டாவிட்டால் எவன் மறுபடி நாற்று விடுவான்?

வியாபாரி அடிமாட்டு விலைக்கு எடுக்கிறான். அதே அரிசி இந்தத் தெருக் கடைகளில் அழகான பையில் உட்கார்ந்திருக்கிறது. வாங்குகிற சென்னைத் தாய்மார்களே, உங்கள் மேல் குற்றம் இல்லை. நீங்கள் கொடுக்கிற காசில் எங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது போதும்.

விதை நம் உரிமை. 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டமே விதையைச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, வணிகப் பெயர் போடாமல் விற்க நமக்கு உரிமை தந்திருக்கிறது. அதில் யார் கை வைத்தாலும் விட மாட்டோம்.

அரசிடம் கேட்கிறோம்:

1. மரபு நெல்லுக்குத் தனி விலை வை! தனியாகக் கொள்முதல் செய்!
2. ஊராட்சிக்கு ஒரு விதை வங்கி அமை! நிர்வாகத்தை விவசாயிகள் கையில் கொடு!
3. சத்துணவுக் கூடத்திலும் அங்கன்வாடியிலும் மரபு அரிசி போடு!

நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்:

1. பாக்கி விதையை இந்த அறுவடையிலேயே கிளைச் சங்கத்தில் அளந்து கொட்டுவோம்.
2. ஊர் வேலை பார்க்கும் தொண்டர் குடும்பத்துக்கென்று வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் ஒதுக்குவோம்.

ஜெயராமனுக்குச் சிலை வேண்டாம். அவர் கொடுத்த ரெண்டு கிலோ நாலாகட்டும், நாலு எட்டாகட்டும். வாங்கியதைத் திருப்புவோம். வாருங்கள்!

விதை நமது! நிலம் நமது!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!