தூசி நுழையா அறை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று வடக்கே நோக்கினால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் திசை தெரியும். 2023ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் பிற்பகலில் சந்திரயான்-3 அங்கிருந்து எழுந்தபோது எங்கள் ஊரார் கரையில் கூடி நின்றனர். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குள் செல்லத் தடை உண்டு. ஆகவே படகுகளும் கரையிலேயே கிடந்தன. என் அருகில் நின்ற சிறுவன் ஒருவன், "ஐயா, இவ்வளவு பெரிய பொருளைக் கெடுக்கக் கூடியது எது?" என்று கேட்டான். "தூசி" என்றேன். அவன் நம்பவில்லை.

நம்புவது கடினந்தான். ஆயினும் உண்மை அதுவே. விண்கலத்திலுள்ள கண்ணாடியின்மீது கண்ணுக்குப் புலப்படாத துகள் படிந்தாலும் அது காட்டும் காட்சி பிழைபடும். சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா கலத்தின் முதன்மைக் கருவியைப் பெங்களூரை அடுத்த ஹோசகோட்டையில் பொருத்திய விஞ்ஞானிகள், அந்த அறைக்குள் செல்லும்போது நறுமணத் தைலம்கூடப் பூசிக்கொள்ளலாகாது என்று விதித்திருந்தனர். ஸ்ரீஹரிகோட்டாவிலும் துணைக்கோள்களை ராக்கெட்டில் ஏற்றுமுன் வைத்துச் சோதிப்பதற்கு இத்தகைய அறைகள் உள்ளன. 'கிளீன் ரூம்' என்பர். தூய அறை என்று நாம் கூறலாம். மருந்து செய்வோரும், மின்னணுப் பொருள்கள் செய்வோரும் இன்று இவ்வறைகளையே நம்பியிருக்கின்றனர். எங்கள் மீனவக் குப்பங்களிலிருந்து தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இளைஞர் சிலர், தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி பூண்டு இவற்றில் நின்று பணிபுரிகின்றனர்.

அவ்வறையைத் தூய்மையாக வைப்பது துடைப்பமன்று, காற்று. கூரையிலிருந்து வடிகட்டிய காற்று இடையறாது இறங்கித் தூசியைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி வில்லிஸ் விட்ஃபீல்டு வகுத்துக் காட்டிய முறை இது. வடிகட்டிக்கு ஹெப்பா என்று பெயர். மிக நுண்ணிய கண்ணாடி இழைகளாலான தாளை விசிறி மடிப்பாக மடித்துச் சட்டத்தில் அடைத்திருப்பார்கள். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரான். அதிலும் பத்தில் மூன்று பங்கு அளவுள்ள துகள்கள் பதினாயிரம் வந்து மோதினால், மூன்றுக்கு மேல் உள்ளே போகாது.

தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்கு என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதற்பாடம். ஆகையால் வலையைக் கொண்டு விளக்குகிறேன். கண் சிறுத்த வலையில் பொடி இறாலும் தப்பாது. ஆனால் நீர் எளிதில் புகாமையால் இழுப்பவன் தோள் இற்றுவிடும். பாசி அடைத்துவிட்டாலோ கேட்க வேண்டியதில்லை. வடிகட்டியும் அவ்வாறே. காற்றை அதனூடே தள்ளுவதற்கு விசிறி உழைக்கிறது. விசிறியின் உழைப்பு மின்சாரக் கட்டணமாக வருகிறது.

இந்த உவமை ஓரிடத்தில் பொய்த்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலையில் மீன் எவ்வளவு சிறிதோ அவ்வளவு எளிதாகத் தப்பும். வடிகட்டியில் அப்படியன்று. பெருந்துகள் நேரே சென்று இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறு துகளோ காற்றணுக்களால் அலைக்கழிக்கப்பட்டுத் தள்ளாடித் தள்ளாடி ஏதேனும் ஓர் இழையைத் தொட்டே தீரும். இரண்டுமற்ற நடுத்தரந்தான், அதாவது ஏறத்தாழ அந்த பத்தில் மூன்று மைக்ரான்தான், பிடிபடாமல் நழுவப் பார்க்கும். அதனால்தான் வடிகட்டியை அந்த அளவில் வைத்துச் சோதிக்கிறார்கள். வகுப்பறையிலும் நடுவரிசையில் அமர்ந்தவனே ஆசிரியர் கண்ணுக்குத் தப்புவான். அது வேறு கதை.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் ஒரு தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரித்து வருகிறான். இவ்வேரியில் மீன் பிடித்தவர் மகன். சென்ற ஆண்டு பொங்கலுக்கு வந்தவன் முகம் வாடியிருந்தது. "ஐயா, தடை குறைந்த புது வடிகட்டி வந்திருக்கிறது. அதே தூய்மைதான் தருகிறது. விலை சற்று அதிகம் என்று கணக்குப் பிரிவார் கையெழுத்திட மறுக்கிறார்கள்" என்றான். "கணக்கை அவர்களுக்குப் போட்டுக் காட்டினாயா?" என்று கேட்டேன். இல்லை என்றான். இருவரும் திண்ணையில் அமர்ந்து போட்டோம்.

மூன்று வகுப்பறைகளை ஒன்று சேர்த்தாற்போல் 14 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையைக் கொண்டோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 500 கன மீட்டர். மணிக்கு 20 முறை காற்றை மாற்றினால் 10,000 கன மீட்டர். பழைய வடிகட்டி தரும் தடை 250 பாஸ்கல், அதாவது ஓர் அங்குல உயரமுள்ள நீரின் அழுத்தம். பள்ளி ஆய்வகத்து வளைகுழாயில் இதைக் கண்ணாரக் காணலாம். ஓர் அங்குலந்தானே என்று தோன்றும். ஆனால் விசிறியும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு அறுபது பங்கு திறனுடையவை என்று கொண்டு, இரவும் பகலுமாக ஓராண்டு ஓடவிட்டுப் பெருக்கினால், அந்த ஓர் அங்குலத்துக்கு மட்டும் 10,000 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. புது வடிகட்டியில் தடை அரை அங்குலம். ஆகவே 5,000 யூனிட் மிச்சம். விசிறியில் செலவிட்ட மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறி, அந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டி உழைப்பது வேறு. கடைக்காரன் சீட்டில் இவை எவையும் எழுதப்படுவதில்லை.

இந்த 5,000 யூனிட் எனக்கு வெறும் எண்ணன்று. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர்ப் பக்கத்தில் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் நிற்கின்றன. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் கரி எரிய வேண்டும். நம் நாட்டுக் கரியில் மூன்றிலொரு பங்கு சாம்பல். ஆகவே அந்த ஓர் அறைக்காக ஆண்டுக்கு மூன்றரை டன் கரி எரிந்து, ஒரு டன்னுக்கு மேல் சாம்பல் எங்கோ கொட்டப்படுகிறது. எண்ணூர்க் கழியிலும் கொசஸ்தலையாற்றிலும் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் குன்றியதை அங்குள்ள மீனவர் கூறக் கேட்டிருக்கிறேன். தூசியில்லாத அறை ஒன்றை வைத்துக்கொள்ள நாம் வெளியே எவ்வளவு தூசியை உண்டாக்குகிறோம் என்று அன்று என் மாணவனைக் கேட்டேன். அவன் பேசாதிருந்தான்.

கணக்கு வேலை செய்தது. ஓர் இயந்திரத்துக்கு மட்டும் புது வடிகட்டி வாங்க அனுமதி தந்தார்கள். ஒரு திங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான்: "ஐயா, மீட்டர் இறங்கவேயில்லை." காரணம் எளிது. தடை குறைந்ததும் விசிறி அதே வேகத்தில் சுழன்று முன்னிலும் அதிகக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. வண்டியின் பாரத்தை இறக்கிவிட்டு மாட்டை இன்னும் விரட்டியது போலாயிற்று. பின்னர் வேகங்குறைக்கும் கருவியை இணைத்துக் காற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மீட்டர் இறங்கியது. இங்கே ஒரு நயம் உண்டு. விசிறி கொள்ளும் மின்விசை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைத் தொடர்ந்து செல்லும். வேகம் ஐந்திலொரு பங்கு குறைந்தால் மின்விசை ஏறத்தாழப் பாதியாகும். ஆள் இல்லாத இரவு வேளைகளில் காற்றைக் குறைத்து வைப்பவர்கள் இதனால்தான் பெரும் பயன் பெறுகிறார்கள். அறைக்குள் தூசியைக் கொண்டுவருவோன் பெரும்பாலும் மனிதன். அவன் இல்லாதபோது அத்தனை காற்று எதற்கு?

கடற்கரையில் இருப்போர்க்கு இன்னொன்று. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் உப்புச் சாடி கசியும். காற்றின் ஈரம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால் உப்பு தானே நீராகிவிடும். கடற்காற்றிலுள்ள உப்புத் துகள் வடிகட்டியில் படிந்து இவ்வாறு ஈரமானால் தடை திடீரென ஏறும். ஆகவே விலையுயர்ந்த வடிகட்டிக்கு முன்னே மலிவான முன்வடிகட்டிகளை வைத்து, அவற்றை நாள் பார்த்து மாற்றாமல், தடையை அளந்து பார்த்து மாற்ற வேண்டும்.

சென்ற மாதம் அவன் வந்தபோது, கழற்றிய பழைய முன்வடிகட்டி ஒன்றை எனக்குக் காட்டவென்று கொண்டுவந்தான். திண்ணையில் அதைத் தட்டினோம். கரிய பொடி உதிர்ந்தது. அவன் தந்தை அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எண்ணூர்ச் சாம்பலா?" என்று கேட்டார். இராது என்றுதான் சொன்னோம். ஆனால் இருவருக்கும் உறுதியில்லை.