காற்றிலே நமக்கும் பங்கு

 

டீசல் விலை ஏறினால் என்ன நடக்கிறது? டிராக்டர் உழவுக் கூலி ஏறுகிறது. லாரி வாடகை ஏறுகிறது. சந்தையில் தக்காளி விலையும் ஏறுகிறது. தக்காளி பக்கத்து ஊரில் விளைந்ததுதான். ஆனால் அதை ஏற்றி வரும் வண்டிக்கு டீசல் வேண்டுமே! நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் வெளிநாட்டில் வாங்குகிறோம். எங்கோ சண்டை நடந்தால், இங்கே நம் மடியில் உள்ள காசு கரைகிறது.

இதே கஷ்டத்தில் சிக்கி, வழி தேடிய ஒரு நாட்டைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அதன் பெயர் டென்மார்க். ஐரோப்பாவின் வடக்கே இருக்கிறது. சின்ன நாடு. மக்கள் தொகை சுமார் 60 லட்சம்தான். அங்கே மலை இல்லை. மின்சாரம் எடுக்கும் அளவுக்குப் பெரிய ஆறும் இல்லை. ஆனால் கடல் காற்று நிறைய உண்டு.

கார் ஓடாத ஞாயிறு

1973-ல் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் கொடுப்பதைக் குறைத்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கு ஆனது. அப்போது டென்மார்க்கின் எரிசக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு எண்ணெயில் இருந்துதான் கிடைத்தது. அதுவும் வெளிநாட்டு எண்ணெய்.

என்ன செய்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. பெரிய சாலைகளில் மக்கள் நடந்தார்கள், சைக்கிளில் போனார்கள். எண்ணெய்க்குப் பதில் நிலக்கரியை எரிக்கத் தொடங்கினார்கள். ஆனால் அந்த நிலக்கரியும் கப்பலில்தான் வந்தது. கடன்காரன் மாறினான், கடன் மாறவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிறந்த காற்றாலை

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 'மக்கள் உயர்பள்ளி' என்று ஒரு வகைப் பள்ளி உண்டு. முதல் பள்ளி 1844-ல் தொடங்கியது. வயது வந்த கிராமத்து மக்களுக்கான பள்ளி அது. அங்கே பரீட்சை கிடையாது. ஆஸ்கோவ் என்ற ஊரில் இருந்த அப்படி ஒரு பள்ளியில் போல் லா கூர் என்பவர் ஆசிரியராக இருந்தார். 1891-ல் அங்கே அவர் ஒரு காற்றாலை அமைத்து மின்சாரம் எடுத்தார். கிராமத்து இளைஞர்களுக்கு மின்சார வேலையும் கற்றுக் கொடுத்தார்.

அவரிடம் படித்தவர்களில் ஒருவர் யோகன்னஸ் யூல். 1957-ல் இவர் கெட்சர் என்ற ஊரில் மூன்று இறக்கை வைத்த பெரிய காற்றாலையை எழுப்பினார். பத்து வருடம் அது ஓடியது. அப்போது எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. அதனால் 1967-ல் அதை நிறுத்திவிட்டார்கள். 1973-ல் அடி விழுந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

கிறிஸ்டியன் ரீசாகர் என்று ஒரு தச்சர். அவர் 1970-களில் தாமே காற்றாலை செய்து மின்சாரம் எடுத்தார். இப்படிப் பலர் முயன்றார்கள். அரசும் கை கொடுத்தது. 1978-ல் காற்றாலைகளைச் சோதிக்க ஒரு நிலையம் அமைத்தது. 1979 முதல் காற்றாலை வாங்குகிறவர்களுக்கு நூற்றுக்கு முப்பது பங்கு மானியம் கொடுத்தது.

பால் சங்கம் போல ஒரு சங்கம்

ஒரு காற்றாலை வாங்க ஒரு விவசாயியால் முடியுமா? எல்லோராலும் முடியாது. டென்மார்க் விவசாயிகள் 1882 முதலே பால் கூட்டுறவுச் சங்கம் நடத்திப் பழகியவர்கள். அதே வழியில் காற்றாலைக்கும் சங்கம் சேர்த்தார்கள். ஆளுக்குச் சில பங்கு வாங்கினார்கள். மின்சாரம் விற்ற பணத்தைப் பங்குக்குத் தக்கபடி பிரித்துக்கொண்டார்கள். 2001 வாக்கில் சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள் இப்படிச் சேர்ந்திருந்தன. தலைநகரான கோபன்ஹேகன் அருகே 2000-ல் கடலில் 20 காற்றாலைகள் நிறுவினார்கள். அவற்றில் பாதி, எட்டாயிரம் பேருக்கு மேல் உள்ள ஒரு சங்கத்துக்குச் சொந்தம்.

சாம்சோ என்று ஒரு தீவு. சுமார் நாலாயிரம் பேர் வாழும் இடம். அந்தத் தீவு மக்கள் 1997-க்குப் பிறகு சுமார் பத்து வருடத்தில் நிலத்தில் 11, கடலில் 10 காற்றாலைகள் வைத்தார்கள். வயலில் மிஞ்சும் வைக்கோலை எரித்து வெந்நீர் காய்ச்சி, குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பிக் குளிர் போக்குகிறார்கள். தாங்கள் செலவழிப்பதைவிட அதிக மின்சாரம் எடுத்து வெளியே விற்கிறார்கள்.

காற்று அடிக்காத நாளில்?

நல்ல கேள்வி. பக்கத்து நாடான நார்வேயில் மலையும் அணையும் உண்டு. டென்மார்க்கில் காற்று பலமாக அடிக்கும்போது மின்சாரம் நார்வேக்குப் போகிறது. அப்போது நார்வே தன் அணைத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. காற்று ஓய்ந்தால் அந்த அணை மின்சாரம் டென்மார்க்குக்கு வருகிறது. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கித் திருப்புவது போலத்தான்.

இன்று டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றில் இருந்து வருகிறது. ஆனால் எண்ணெய் ஒழிந்துவிடவில்லை. லாரிக்கும் கப்பலுக்கும் விமானத்துக்கும் அது இன்னும் வேண்டியிருக்கிறது. நடுவில் அவர்கள் வடகடலில் சொந்த எண்ணெயும் எடுத்தார்கள். அதையும் 2050-க்குள் நிறுத்துவது என்று 2020-ல் முடிவு செய்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பின்னாளில் பெரிய கம்பெனிகள் வந்து காற்றாலை வைத்தபோது ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது. "இரைச்சல் எங்களுக்கு, லாபம் உங்களுக்கா?" என்பதுதான் பிரச்சினை. பங்கு இருந்த இடத்தில் சம்மதம் இருந்தது. பங்கு இல்லாத இடத்தில் வழக்கும் சண்டையும் வந்தன.

நமக்கு என்ன பாடம்?

தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில் உள்ள காற்றாலைச் சோதனை நிலையம் டென்மார்க் உதவியோடு அமைந்தது. அங்கிருந்து தொழில் நுட்பம் நமக்கு வந்து சேர்ந்தது. காற்றும் வெயிலும் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. ஆனால் பங்கு தானாக வராது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நாளை நம் ஊருக்குக் காற்றாலையோ சோலார் தகடோ வரலாம். யாராவது பத்திரத்தை நீட்டலாம். கையெழுத்துப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. முழுவதும் படித்துப் பாருங்கள். நிலம் விலைக்கா, குத்தகைக்கா? எத்தனை வருடம்? மேய்ச்சல் நிலம் என்ன ஆகும்? நம் பிள்ளைகளுக்கு வேலை உண்டா? ஊருக்கு எவ்வளவு பங்கு? கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்.

எண்ணெய் சில நாடுகளில்தான் கிடைக்கும். காற்று எல்லோர் வாசலிலும் அடிக்கிறது. அதன் பலனும் எல்லோர் வீட்டுக்கும் வந்து சேர வேண்டும்.



சேர்ந்து பேசுவோம்

1. டீசல் விலை ஏறியபோது உங்கள் வீட்டில் எந்தச் செலவு கூடியது?
2. காற்றாலைச் சங்கத்துக்கும் பால் சங்கத்துக்கும் என்ன ஒற்றுமை?
3. நம் ஊரில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் எதைச் சொந்தமாக வாங்கலாம்?