நீதியரசர் ஆசனமும் ஆட்சி மாற்றமும்



அப்புத்தளையில் எங்கள் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளிற் பெரும்பாலார் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள். சென்ற தவணையில் குடியுரிமைக் கல்விப் பாடவேளையில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, நீதிபதி சட்டப்படி தீர்ப்புச் சொல்கிறார், அந்த நீதிபதியை ஆசனத்தில் இருத்துபவர் யார்?" என்று கேட்டாள். பாடநூல் விடையைச் சொன்னேன். அது போதாதென்று எனக்கே தோன்றிற்று. அதனை இன்று சற்றே விரித்துரைக்க எண்ணுகிறேன்.

மலையகத்தாருக்கு இக்கேள்வி தொலைவான ஒன்றன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் எம் முன்னோர் பல இலட்சம் பேரின் வாக்குரிமையைப் போக்கின. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952இல் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைக் காணாது நின்றனர். ருவன்வெல்லைத் தொகுதியிற் கோடகன் பிள்ளை என்பவர் தம் பெயரைப் பதியுமாறு வழக்காடினார். விசாரணை அதிகாரி அவர் பக்கம் தீர்த்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. 1953இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

அந்நீதியரசர்கள் எந்த அமைச்சரின் கைப்பிள்ளைகளும் அல்லர். ஆகவே சுதந்திரமான நீதிமன்றம் எமக்கு வேண்டிய தீர்ப்பைத் தந்தே தீரும் என்று நம்புவது பேதைமை. ஆயினும் வாக்கில்லாத ஒருவன், பாராளுமன்றத்தில் தனக்காகப் பேச ஆளில்லாத ஒருவன், அரசாங்கத்தை எதிர்த்து வாதாட அந்த ஓர் இடமேனும் இருந்தது. அவ்விடத்தில் அமர்பவர் அரசாங்கத்தின் தயவை நோக்குபவராயின் வாதாடுவதிற் பயன் என்ன?

சோல்பரி அரசியலமைப்பின் கீழ், கீழ் நீதிமன்றங்களின் நீதிபதிகளைப் பிரதம நீதியரசர் தலைமையிலான நீதிச் சேவை ஆணைக்குழு நியமித்தது. அவ்வாணைக்குழுவைச் செல்வாக்கினால் அசைக்க முயல்வதே குற்றமாயிருந்தது. உயர் நீதிமன்ற நீதியரசர்களை மட்டும் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். இந்த ஏற்பாட்டின் வலிமை 1962இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு தை மாதத்தில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றதாக இருபத்து நால்வர் மீது வழக்கு வந்தது. அதனை விசாரிக்கும் மூன்று நீதியரசர்களை நீதியமைச்சரே தெரியலாம் என்று ஒரு விசேட சட்டம் இயற்றப்பட்டது. அமைச்சரும் மூவரைத் தெரிந்தார். அம்மூவரும் ஆசனத்தில் அமர்ந்து வாதத்தைக் கேட்டபின், தம்மைத் தெரியும் அதிகாரம் அமைச்சருக்கு இல்லையெனத் தீர்ப்பளித்து எழுந்து போயினர்! அமைச்சர் தந்த ஆசனத்தில் இருந்துகொண்டே அதனைத் தரும் உரிமை அவருக்கில்லை என்றனர். நம் நாட்டு நீதி வரலாற்றில் இதைவிடப் பெருமைக்குரிய நிகழ்ச்சியை நான் அறியேன். பின்னர் சட்டம் திருத்தப்பட்டுப் பதினொருவர் தண்டனை பெற்றனர். 1965இல் கோமறைக் கழகம் அவர்களை விடுவித்தது. நீதி அதிகாரத்தில் பாராளுமன்றம் தலையிட்டதே அதற்குக் காரணமாயிற்று.

கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்வது 1971இல் நின்றது. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, கீழ் நீதிபதிகளின் நியமனத்தை அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. ஆட்சி மாறி 1978இல் மற்றோர் அரசியலமைப்பு வந்தபோது, உயர் நீதிமன்ற நீதியரசர் அனைவரும் ஒரே நாளிற் பதவி இழந்தனர். அவர்களிற் சிலர் மீள அழைக்கப்படவில்லை. அதன்பின் மேல் ஆசனங்களின் நியமனம் சனாதிபதியின் கைக்குச் சென்றது.

2001இல் 17ஆவது திருத்தம், சனாதிபதியின் தெரிவுக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்றது. 2010இல் 18ஆவது திருத்தம் அப்பேரவையை நீக்கிற்று. 2015இல் 19ஆவது அதனை மீட்டது. 2020இல் 20ஆவது மறுபடி நீக்கிற்று. 2022இல் 21ஆவது மீண்டும் கொணர்ந்தது. எங்கள் அப்புத்தளைக் கணவாயில் மூடுபனி இப்புறமும் அப்புறமும் மாறி ஏறுவதுபோல!

இந்த ஊசலாட்டத்தின் நடுவே நிகழ்ந்த ஒன்றை எம் ஊவா மாகாணத்தார் மறத்தலாகாது. 2012இல் 'திவிநெகும' சட்டமூலம் மாகாண சபைகளின் கருத்துக்கு விடப்படல் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறிற்று. எமது நாடு கூட்டாட்சி நாடன்று. ஆயினும் மாகாணத்துக்கென எஞ்சியுள்ள சிறு அதிகாரத்தைக் காப்பதும் அந்நீதிமன்றமே. சில வாரங்களிற் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது குற்றப் பிரேரணை வந்தது. 2013 தை மாதத்தில் அவர் நீக்கப்பட்டார். இரண்டாண்டின்பின் ஆட்சி மாறியது. அவர் 28ஆம் நாள் ஆசனத்துக்கு மீண்டார். மறுநாள் ஓய்வு பெற்றார். அதற்கடுத்த நாள் கே. ஸ்ரீபவன் அவர்கள் அப்பதவியை ஏற்றார்.

வளம் மிக்க ஐக்கிய அமெரிக்காவிலும் இந்நோய் உண்டு. 2016இல், தேர்தல் ஆண்டு எனக் கூறி, சனாதிபதி முன்மொழிந்த நீதியரசரைச் செனற் சபை விசாரிக்கவும் மறுத்தது. 2020இலோ தேர்தலுக்கு எட்டு நாள் முன்னர் ஒருவரை அங்கீகரித்தது. இரு முறையும் அச்சபையிற் பெரும்பான்மை ஒரே கட்சிக்கே இருந்தது.

பேரவை இருந்தால் யாவும் நலம் என்று நான் கூறவில்லை. இன்றைய பேரவையிற் பத்துப் பேர். பாராளுமன்றத்துக்குப் புறத்தே உள்ளவர் மூவரே. எனினும் 19ஆவது திருத்தம் நடப்பிலிருந்த 2018 மார்கழியில், பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாதென ஏழு நீதியரசர்கள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்ததை நாம் கண்டோம்.

அந்த மூவரும் எக்கட்சியிலும் உறுப்பினராய் இருத்தலாகாது என்பது விதி. அவர்களை முன்மொழிபவர் யார் என்று அந்த மாணவி அடுத்த பாடவேளையிற் கேட்பாள். விடையைப் படித்து வைத்திருக்கிறேன்.