தண்ணீருக்குத் தோட்ட எல்லை தெரியாது!
(பதுளையில் ஆற்றிய உரை)



ஊவா மலைகளில் பெய்யும் மழை தோட்டத்துக்கு வேறு, ஊருக்கு வேறு என்று பெய்வதில்லை. லயத்துக் கானில் ஓடும் கழிவுநீர் ஓடையில் கலக்கிறது. ஓடை பதுளு ஓயாவை அடைகிறது. பதுளு ஓயா மகாவலியில் சேர்கிறது. மேலே ஊற்றப்படும் அழுக்கையே கீழே விவசாயி பயிருக்குப் பாய்ச்சுகிறார்.

சட்டமோ எல்லை வகுத்திருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களில் செலவிடத் தடையாய் நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. தடை நீங்கிற்று, கான் வந்ததா என்று கேட்கிறோம்.

கான் அற்பப் பொருளன்று. வடிய வழியற்ற நீர் சரிவுக்குள் இறங்கி, மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2005இலும் 2011இலும் அபாயம் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது; மக்கள் மலைச்சரிவிலேயே இருந்தார்கள்.

ஆகவே, ஆற்றுப்படுகை முழுவதற்கும் ஒரே இருபதாண்டுத் திட்டம் வேண்டும். மழைநீருக்குத் தனிக் கான், கழிவுநீருக்குத் தனி வழி, ஆண்டுதோறும் தூர் வார நிதி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். கான் மட்டும் மலையைத் தாங்காது. அபாயச் சரிவில் வாழ்வோருக்கு மாற்றுக் காணியும் வீடும் முதலில் கிடைக்க வேண்டும்.

தோட்டந்தோறும் உடைந்த கான்களையும், நீர் தேங்கும் இடங்களையும் கணக்கெடுங்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் சபையில் வைப்போம். மனு வரைவது எங்கள் பொறுப்பு. கையொப்பமிட்டு உடன் வருவது உங்கள் பொறுப்பு.