வௌவால் கடித்த பழம்



பொழுது சாயும் வேளையில், பழமரங்களைத் தேடிக் கூட்டமாகப் பறந்து செல்லும் பெரிய வௌவால்களை நம்மில் பலர் கண்டிருப்போம். மலாய்க்காரர்கள் இவற்றைக் கெலுவாங் என்பார்கள். பழமும் பூந்தேனுமே இவற்றின் உணவு. இந்தப் பிராணியிடமிருந்து நம் நாட்டில் மனிதரை வந்தடைந்த ஒரு கொடிய நோயைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம்.

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டு படுத்தார்கள். சிலர் நினைவிழந்து இறந்தார்கள். கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இது என்று முதலில் கருதப்பட்டது. கொசுவை ஒழிக்கப் புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆயினும் நோய் நிற்கவில்லை. பன்றிகளை லாரியில் ஏற்றி வேறு மாநிலத்திற்குக் கொண்டுசென்றபோது நோயும் கூடவே சென்றது. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய இடங்களில் பலர் நோயுற்றார்கள்.

இங்கேதான் சிலருக்கு ஐயம் எழுந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கு நோயுற்றவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுக்கையில் விழுந்தார்கள். பன்றியோடு தொடர்பில்லாத அண்டை வீட்டார் நலமாக இருந்தார்கள். பண்ணைக்காரரைக் கடித்த கொசு அண்டை வீட்டாரைக் கடிக்காமலா இருக்கும்? மேலும், பண்ணைகளில் பன்றிகளும் பலமாக இருமி நோயுற்றிருந்தன.

1999 மார்ச் மாதம், மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். வைரஸ் என்பது மிக நுண்ணிய நோய்க்கிருமி. அந்த நோயாளியின் ஊர்ப் பெயரால் அதற்கு நிப்பா வைரஸ் என்று பெயரிட்டார்கள். பகைவன் யார் என்று தெரிந்த பின்னரே சரியான நடவடிக்கை பிறந்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன, நோயும் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டுவிட்டார்கள். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத்தில் வேலை செய்த 11 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார்.

பன்றிக்கு இந்நோய் எங்கிருந்து வந்தது? 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதரையும் தாக்கிய ஹெண்ட்ரா வைரஸ் நிப்பாவுக்கு நெருங்கிய உறவு. அது பழந்தின்னி வௌவால்களிடம் வாழ்வது. ஆகவே, இங்கும் வௌவால்களை ஆராய்ந்தார்கள். தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, சிறுநீர்த் துளிகளைச் சேகரித்தார்கள். கடித்துப் போட்ட பழங்களையும் எடுத்துச் சோதித்தார்கள். சிறுநீரிலும் கடித்த பழத்திலும் நிப்பா வைரஸ் இருந்தது! வௌவாலுக்கோ இதனால் நோய் தெரிவதில்லை.

நோய் தோன்றிய பண்ணையில் பன்றிக் கொட்டகையை ஒட்டியே மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்த பழம் கொட்டகையில் விழ, பன்றி அதைத் தின்றிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. பின்னர் பன்றியிலிருந்து பன்றிக்கும், அங்கிருந்து மனிதருக்கும் நோய் தாவியது.

பன்றி இல்லாமலும் இது மனிதரை அடையக்கூடும். 2001 முதல் வங்காளதேசத்தில் பச்சையாக ஈச்சஞ்சாறு குடித்தவர்களுக்கு இந்நோய் கண்டது. சாறு வடியும் இடத்தை வௌவால்கள் நக்குவதை இரவில் கேமரா வைத்துப் படம் பிடித்தார்கள். நோயாளியிடமிருந்து பிறருக்கும் அங்கே நோய் தொற்றியது.

அப்படியானால் வௌவால்களைக் கொன்றுவிடலாமா? கூடாது. இரவில் மலரும் டுரியான் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்பவை வௌவால்களே. அவை இல்லாவிட்டால் நமக்கு டுரியான் காய்ப்பதும் குறைந்துவிடும். கொல்லப் போகிறவர்களே அவற்றின் எச்சிலையும் இரத்தத்தையும் தொட நேரும்.

நாம் செய்யவேண்டியவை எளியவை. மரத்தடியில் கிடக்கும் ஜம்பு, மாம்பழம் முதலியவற்றைப் பிள்ளைகள் பொறுக்கி, கடித்த பக்கத்தை மட்டும் நறுக்கிவிட்டுத் தின்பதை நாம் காண்கிறோம். அப்பழம் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். நல்ல பழத்தையும் கழுவித் தோலுரித்தே உண்ண வேண்டும். ஆடு, மாடு, கோழிக் கொட்டகைகளைப் பழமரத்தை விட்டுத் தள்ளி அமைக்க வேண்டும். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடக்கூடாது. வளர்க்கும் பிராணிகள் பல ஒரே சமயத்தில் நோயுற்றால் கால்நடை இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்லும்போது, எந்தப் பிராணியைத் தொட்டோம், என்ன வேலை செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1999-இல் அந்தச் செய்திதான் ஆராய்ச்சியாளர்களுக்கு வழி காட்டியது.