பேசாக் குழந்தையும் வீட்டுச் சொல்லும்

(விழுப்புரத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், திண்டிவனம் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

கிடங்கிற் கோமானாகிய நல்லியக்கோடனைப் பற்றி இன்று பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்திருந்தார். அப்பொருளை வேறொரு நாளுக்கு ஒத்திவைத்தமைக்கு அவர் என்னைப் பொறுத்தருள்வாராக. இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் ஏட்டில் உள்ளதன்று. நம்மவர் சிலர் வீட்டு உள்ளறையில் இருப்பது. விருந்தினர் வந்தால் கதவு சாத்தப்படும் அறையைச் சொல்லுகிறேன். ஐந்து வயதாகியும் ஒரு சொல் சொல்லாத குழந்தை அங்கே இருக்கிறது. அதன் தமக்கைக்கு வரன் பார்க்கும் காலத்தில் அக்குழந்தை இருப்பதையே மறைக்கின்றனர். இதை யான் பிறர் வீட்டுச் செய்தியாகக் கூறவில்லை. என் தங்கையின் மகன் அத்தகைய குழந்தை. யான் அவனுக்குத் தாய்மாமன்.

அவன் நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். தமிழில் மதியிறுக்கம் எனவும் வழங்குவர். 1943 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விரிவாக எழுதினார். அக்குழந்தைகள் பிறர் முகம் நோக்காமையும், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்லுதலும், மாற்றத்தைப் பொறாமையும் அவர் குறித்தவை. இவ்வியல்புடைய குழந்தைகளுள் ஒருவனுக்குக் குக்கரின் ஓசை இடியாக ஒலிக்கும். மற்றொருவனுக்குச் சட்டையின் தையல் முள்ளாக உறுத்தும். வேறொருவனோ ஓடும் நீரை நாழிகைக்கணக்கில் பார்த்து மகிழ்வான். ஐம்புலன்களின் வாயில்கள் அவர்களுக்கு நம்மைப்போல் அமைந்தில.

இது தாயின் வளர்ப்புக் குறையால் வந்தது என்று மேனாட்டு அறிஞர் சிலரே ஒரு காலத்தில் பழி சுமத்தினர். பெர்னார்டு ரிம்லாந்து என்பவர், தாமே அத்தகைய மகனைப் பெற்ற தந்தையார், 1964 இல் ஒரு நூல் எழுதி அப்பழியை மறுத்தார். பிறக்கும்போதே மூளையின் வளர்ச்சியில் அமையும் வேறுபாடே இஃது என்பது இன்று தெளிந்த உண்மை. ஆயினும் என் தங்கை அதே பழியை நம் உறவினர் வாயால், நம் திண்ணைகளிலேயே கேட்டாள். மேனாட்டார் கைவிட்ட பிழையை நாம் ஏன் காத்துக்கொண்டிருத்தல் வேண்டும்?

இனி என் பிழையைச் சொல்லுகிறேன். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் எனக்கு, ஒரு குழந்தைக்குப் பத்துச் சொல் கற்பித்தல் அரிதோ என்னும் செருக்கு இருந்தது. ஞாயிறுதோறும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்து, படஅட்டைகளை அவன் முன் பரப்பி, "இது என்ன? இது என்ன?" என்று வினவினேன். அவனும் "இது என்ன" என்றே திருப்பிச் சொன்னான். வேர்க்கடலைப் படத்தைக் காட்டி "நிலக்கடலை" என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒருநாள் சினந்து மேசையைத் தட்டினேன். அவன் செவிகளைப் பொத்திக்கொண்டு அலறினான். அதன்பின் என் காலடி ஓசை கேட்டாலே கட்டிலடியில் ஒளியத் தொடங்கினான்.

அவ்வாண்டு பங்குனியில், என் தங்கையின் மாமியார் முற்றத்தில் அமர்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். எழுத்தறியாதவர். குழந்தை அவர் அருகே அமர்ந்து, குவிந்து கிடந்த புளியங்கொட்டையில் கைவிட்டு அளைந்தவண்ணம் இருந்தான். அம்மையார் ஒரு படியில் கொட்டைகளை அள்ளி, "கொட்டு" என்று சொல்லி அவன் கைமேல் கொட்டினார். அவன் சிரித்தான். மீண்டும் அள்ளினார், "கொட்டு" என்றார், கொட்டினார். இவ்வாறு பலமுறை நிகழ்ந்தபின், படியை உயர்த்தியவர் ஏதோ நினைவில் கையை நிறுத்திவிட்டார். குழந்தை அவர் கையைப் பற்றி இழுத்து, "கொட்டு" என்றான். பண்டிதன் ஓராண்டு முயன்று பெறாத சொல்லை அப்பாட்டியார் ஒரு காலைப்பொழுதில் பெற்றார். புளியங்காடு என்னும் பொருள்பட அமைந்த பெயரே திண்டிவனம் என மருவிற்று என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லிவருபவன் யான். புளியால் ஒரு சொல் பிறக்கக் கூடும் என்பதை அன்றுதான் கண்டேன்.

இம்முறை புதியதன்று. 1800 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அவெரான் பகுதியில், காட்டில் தனித்து வாழ்ந்த பேசாச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். ஈத்தார் என்னும் இளமருத்துவர் அவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டு, வெந்நீர், தண்ணீர், மணியோசை, சுவை ஆகியவற்றின் வாயிலாகப் புலன்களை எழுப்பிச் சொல் கற்பிக்க முயன்றார். விக்டர் 'பால்' என்னும் பொருளுடைய சொல்லைச் சொன்னான். ஆனால் பால் வேண்டிச் சொல்லவில்லை, பாலைக் கண்ட களிப்பிற் சொன்னான். அதனை ஈத்தார் தோல்வியாகவே கருதினார். ஈத்தாரின் மாணாக்கர் செகான் அம்முறையை வளர்த்தார். அவ்விருவர் நூல்களையும் கற்ற மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தைகள் விரலால் தடவி அறியும் உப்புத்தாள் எழுத்துகளை ஆக்கினார். அவ்வம்மையார் 1939 இல் நம் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆகவே அவ்வழி நம் நாட்டுக்கு வந்து நெடுங்காலமாயிற்று.

தாய்மார்கள் வீட்டில் செய்யத்தக்க முறையை இனிச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, குழந்தையின் கண்ணும் கையும் எங்கே செல்கின்றனவோ அங்கே நாமும் செல்லுதல் வேண்டும். தண்ணீரை அளைபவனிடம் தண்ணீரையும், மாவைப் பிசைபவனிடம் மாவையும் கொண்டே தொடங்குக. அஞ்சும் பொருளைக் கையில் திணித்தலாகாது. கொட்டை, மணி போன்றவற்றை வாயிலும் மூக்கிலும் இடாதபடி அருகிருந்து காத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, பொருள் கையில் படும் அந்நொடியில் ஒரே சொல்லைச் சொல்லுக. "ஊத்து", "தா", "போதும்" என்பன போன்றவை போதும். பின்னர் வாய் மூடிப் பத்து எண்ணும் அளவு காத்திருக்க. அக்காத்திருப்பிலேதான் சொல் பிறக்கிறது. வினா வேண்டா.

மூன்றாவது, வீட்டுச் சொல்லையே சொல்லுக. இதைச் சொல்ல என் போன்ற பண்டிதனுக்கு நாணம் உண்டு. மணிலாக்கொட்டை என்பது நம் பக்கத்தில் மல்லாட்டை என மருவி வழங்குகிறது. யான் "நிலக்கடலை" என்றபோது திரும்பிக்கொண்டவன், அவித்த மல்லாட்டையைத் தானே உரித்து உண்டபோது "மல்லாட்ட" என்றான். அவன் தாயும் பாட்டியும் நாள்தோறும் சொல்லும் சொல்லே அவனுக்குச் சொல். செந்தமிழ் பின்னர் வரும்; வாராவிடினும் குற்றமில்லை.

நான்காவது, அவன் சொல்லவேண்டியதை அவன் வாயில் நின்று நாம் சொல்லுக. "உனக்குத் தண்ணி வேணுமா?" என்றால், நீர் வேண்டியபோதும் அவ்வாறே திருப்பிச் சொல்வான். தமிழில் 'எனக்கு', 'உனக்கு' என்பன இன்றியே "தண்ணி வேணும்" என்று சொல்லலாம். தன்மையும் முன்னிலையும் மயங்கும் குழந்தைக்கு நம் மொழி இயல்பாகவே செய்யும் உதவி இது.

ஐந்தாவது, சொம்பில் கற்ற "தண்ணி"யைக் குழாயடியிலும், ஏரிக்கரையிலும், மழையிலும் காட்டுக. ஒரு பாத்திரத்தோடு ஒட்டிய சொல் இன்னும் முழுச்சொல் ஆகவில்லை.

இவையனைத்தினும் பெரிது ஒன்றுண்டு. அது "வேண்டாம்" என்னும் சொல். என் மருமகன் ஒருநாள் சோற்றுக் கையைத் தள்ளி "வேணாம்" என்றான். "முதலில் பேசியதே மறுப்பா?" என்று ஒருவர் வருந்தினார். யானோ மகிழ்ந்தேன். அதுவரை தலையைச் சுவரில் மோதிச் சொல்லியதை அன்று அவன் வாயாற் சொன்னான். "வேணாம்" என்று அவன் சொன்னால் அதனை மதித்து நிறுத்துக. மதிக்கப்படாத சொல்லை எக்குழந்தையும் மீண்டும் சொல்லாது.

சில குழந்தைகளுக்கு வாய்ச்சொல் வாராமலே போகலாம். அவர்கள் படத்தைத் தொட்டும் கையசைத்தும் கேட்பதும் பேச்சே. அவ்வாறு பழக்குதல் வாய்ப்பேச்சைத் தடுக்கும் என்னும் அச்சம் ஆய்வுகளால் மெய்ப்படவில்லை.

இவ்விளையாட்டு மருந்தன்று, ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து யாதும் இல்லை. குணப்படுத்துவோம் என்று பணம் பறிப்பாரிடம் ஏமாறாதீர்கள். ஆனால் பெற்றோரின் பழக்கம் பயன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. 2016 இல் வெளியான ஓர் ஆய்வில், கோவாவிலும் இராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களை இருகூறாக்கினர். ஒரு கூற்றாருக்கு, வல்லுநர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்கள், பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைப் படம்பிடித்துக் காட்டி, குழந்தையோடு இயைந்து பழகக் கற்பித்தனர். அவ்வீடுகளில் குழந்தை தானே முன்வந்து தொடர்பு கொள்ளுதல் மிகுந்தது.

பேசாத குழந்தைக்கு முதலிற் செவிப்புலனைச் சோதிக்க வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை அணுகலாம். வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் உளர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், 2005 முதல் மைய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று இத்தகையோர்க்கென நடைபெறுகிறது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று; பள்ளியில் இடம் கேட்பது இரத்தல் அன்று, உரிமை.

நிறைவாக நம் சங்கத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள். நம் விழாக்களில் ஒலிபெருக்கி எட்டாத ஓர் அறையை இக்குழந்தைகளுக்கென ஒதுக்குங்கள். வரன் பேசும் இடத்தில், இத்தகைய தம்பியோ தங்கையோ உள்ள பெண்ணைக் குறைத்து மதிப்பிடுவதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்ளுங்கள். அவ்வுறுதி பரவினால் உள்ளறைக் கதவுகள் தாமே திறக்கும்.

என் தங்கை இன்று தன் மகனோடு இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். அவன் வாயிலருகே, ஒரு டப்பாவில் புளியங்கொட்டையைக் கொட்டிக் கொட்டி விளையாடிக்கொண்டிருக்கிறான். கலையும்போது அவனை வேடிக்கை பார்க்காது, அவன் அருகே சற்று அமர்ந்து செல்லுமாறு உங்களை வேண்டி, என் உரையை முடித்துக்கொள்ளுகிறேன்.