எடுத்தது நிலமெனின் கொடுப்பதும் நிலமே!



பாட்டன் நிலத்தைப் பறித்தவனிடம் பேரன் இழப்பீடு கேட்கலாமா? காலம் கடந்துவிட்டதே என்பர் வல்லாண்மையர். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இவ்வினாவிற்கு விடை பகர்ந்துள்ளனர். அவ்விடையை நாம் அறிதல் வேண்டும்.

1840-இல் ஆங்கிலேயரும் மாவோரித் தலைவரும் வைத்தாங்கி உடன்படிக்கை செய்துகொண்டனர். அஃது இரு மொழிகளில் எழுதப்பெற்றது. ஆங்கிலப் படியில், தலைவர்கள் தம் இறையாண்மை முழுவதையும் ஆங்கில அரசிக்கு அளித்தனர் என்றிருந்தது. மாவோரிப் படியிலோ அவ்விடத்தில் 'காவனத்தாங்க' என்றொரு சொல் நின்றது. அது மாவோரிச் சொல்லன்று. ஆளுநரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை மாவோரி ஒலிக்குத் திரித்துப் பண்ணிய கடன்சொல்! நிலமும் ஊரும் செல்வங்களும் தலைவர்க்கே உரியன என்னுமிடத்தில் மட்டும் அவர்தம் சொந்தச் சொல் நின்றது. தம் சொல்லை நம்பியே தலைவருள் மிகப் பெரும்பாலோர் மாவோரிப் படியில் கையெழுத்திட்டனர்.

நில விற்பனையைத் தடுக்க 1858-இல் மாவோரியர் தமக்கென ஓர் அரசரை அமர்த்தினர். 1863 சூலையில் ஆங்கிலப் படை வைக்காட்டோவினுள் புகுந்தது. மண்காத்தவரைக் 'கிளர்ச்சியாளர்' என்றது அவ்வாண்டே இயற்றிய சட்டம். ஏறத்தாழ 12 நூறாயிரம் ஏக்கர் பறிபோயிற்று. துமுக்கி செய்ததைத் தாள் முடித்தது!

1884-இல் அரசர் தாவியாவோ இலண்டன் வரை சென்றார். விக்டோரியா அரசியைக் காணவும் அவருக்கு இசைவு கிட்டவில்லை. 1920களின் இறுதியில் அரசே அமர்த்திய உசாவற்குழு, பறிப்பு அளவிறந்தது என ஒப்பியது. 1946-இல் ஆண்டுதோறும் சிறுதொகை தரச் சட்டம் வந்தது. ஆனால், நிலம் வந்ததா? வரவில்லை.

வைக்காட்டோ மக்களிடை வழிவழி வழங்கிய முழக்கம் ஒன்றே: எடுத்தது நிலம்; திரும்ப வேண்டுவதும் நிலம். பணம் குற்றத்திற்கான ஈடு மட்டுமே. அதனால் 1987-இல் மீண்டும் வழக்குத் தொடுத்தனர். 1995 மே திங்களில் உடன்பாடு கண்டது. திரும்பிய நிலமும் பணமுமாக அதன் மதிப்பு 17 கோடி நியூசிலாந்து டாலர். இழந்ததை நோக்க இது சிறுபகுதியே. எனினும் ஆமில்தன் நகர்ப் பல்கலைக்கழகம் நிற்கும் நிலம் வைக்காட்டோ மக்களுக்கே மீண்டது. அவ்வாண்டு நவம்பரில் விக்டோரியாவின் வழிவந்த எலிசபெத்து அரசி, பிழைக்கு வருந்தும் சட்டத்தில் அந்நாட்டு மண்ணிலேயே தம் கையால் ஒப்பமிட்டார். தாவியாவோவுக்கு மூடப்பட்ட கதவு 111 ஆண்டு கழித்துத் திறந்தது!

இன்னுமொன்று கேண்மின்! நில வழக்குகளைக் கேட்கும் அதே வைத்தாங்கி மன்றம் 1986-இல், மாவோரி மொழியும் உடன்படிக்கை காக்க வேண்டிய செல்வமே எனத் தீர்ந்தது. 1987-இல் அம்மொழி ஆட்சிமொழியாயிற்று. அச்சட்டத்தால் பிறந்த மொழி ஆணையம், ஆங்கிலத்தைத் திரித்த திங்கட் பெயர்களுக்கு மாற்றாகத் தம் முன்னோர் வழங்கிய பெயர்களைப் பரப்பியது. கடன்சொல்லால் ஏமாந்த இனம் அதன் தீங்கை உணர்ந்துகொண்டது.

மண்ணைப் பறிகொடுத்தவன் தன் சொல்லைக் காத்தால், ஒருநாள் அச்சொல்லைக் கொண்டே மண்ணை வழக்காடி மீட்பான். சொல்லையும் இழந்தவனுக்கோ, தான் இழந்தது இன்னதென்று கூறவும் வாயிராது. ஆதலின் தமிழ் மக்களே, சொல்லைக் காமின்! சொல்லே நம் உரிமைப் பட்டயம்!